கோட்டேயைக் கட்டிய அழகக்கோன் வீட்டார் எங்கே போனார்கள்?

பாராளுமன்றத்தைச் சுற்றி ஓடும் தியவன்னா ஓயாவைப் பற்றிப் போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, அந்தச் சதுப்பு நிலத்தில் முதன்முதலாகக் கோட்டை கட்டியவர் அழகக்கோனார் என்ற அமைச்சர் என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். அவ்வளவுதான். தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கேள்விகளில் பாதி அவரைப் பற்றித்தான். அதனால் இந்த முறை சோதிடம், ஓய்வூதியம், மூட்டுவலி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, அந்த ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே 'கோட்டே' என்று எழுதுவது ஜயவர்தனபுர கோட்டேயை. ரயில் நிலையம் இருக்கிற கொழும்புக் கோட்டையை அல்ல.

கேள்வி: மகளின் பாடப்புத்தகத்தில் 'அழகேஸ்வர' என்று ஒரு அமைச்சர் வருகிறார். நீங்கள் எழுதியது அழகக்கோனார். இரண்டும் ஒரே ஆளா? அவர் தமிழரா, சிங்களவரா?
— மட்டக்குளி வாசகர்

ஒரே குடும்பம், ஆனால் ஒரே ஆள் இல்லை. அங்கேதான் எல்லோருக்கும் தலை சுற்றுகிறது. நிஸ்ஸங்க அழகக்கோனார் என்பவர் பெரியவர், கோட்டே கட்டியவர். அவருக்குப் பிறகு குமார அழகேஸ்வரர், அதற்குப் பிறகு வீர அழகேஸ்வரர் என்று அதே பெயரைச் சுமந்துகொண்டு வரிசையாக வருகிறார்கள். அழகக்கோனார், அழகேஸ்வரர் இரண்டும் அந்த வீட்டுப் பெயர்தான். எந்த அழகேஸ்வரர் எதைச் செய்தார் என்பதில் பேராசிரியர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே மகள் பரீட்சையில் குழம்பினால் கோபிக்காதீர்கள்.

பூர்வீகம் தென்னிந்தியா. முன்னோர் வஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது கம்பளைக் காலத்து, அதாவது 14ஆம் நூற்றாண்டில் அரசர்கள் கம்பளையில் இருந்த காலத்து, சான்றுகளில் இருக்கிறது. அந்த வஞ்சி கேரளத்து வஞ்சியா, காஞ்சிபுரம்தான் அப்படித் திரிந்ததா என்பதில் இன்னும் ஒரு முடிவில்லை. வணிகம் செய்ய வந்து தங்கிவிட்ட குடும்பம் என்பதில் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஆனால் நிஸ்ஸங்க அழகக்கோனார் தலையெடுத்த காலத்தில் அவர்கள் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. அவர் பௌத்தர். 1369இல் பிக்குகள் சங்கத்துக்குள் ஒழுக்கம் கெட்டுப்போனது என்று ஒரு பெரிய சீர்திருத்தக் கூட்டம் நடந்தபோது, தர்மகீர்த்தி தேரருக்குப் பின்னால் நின்று அதை நடத்திக் கொடுத்தவரே இவர்தான். அப்படியானவரை 'நம்மாள்' என்று நாம் தூக்கிக்கொண்டு ஆடுவதும் பொருந்தாது, 'அந்நியன்' என்று அடுத்த பக்கம் ஒதுக்குவதும் பொருந்தாது.

கண்டிப் பக்கம் போனால் லங்காதிலக விகாரையை ஒருமுறை பாருங்கள். 1344இல் கட்டியது. அரசன் நான்காம் புவனேகபாகு, கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர், கட்டிய சிற்பி தென்னிந்தியாவிலிருந்து வந்த ஸ்தபதி ராயர், பாறையில் வெட்டியிருக்கும் சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது தமிழிலும் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய வீடுகள் அப்படித்தான் இருந்தன. இதை எழுதினால் இரண்டு பக்கத்திலிருந்தும் எனக்குத் திட்டுக் கடிதம் வரும், வரட்டும்.

கேள்வி: வியாபாரம் செய்ய வந்தவர்கள் எப்படி அரசனையே ஆட்டிவைக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள்? பணம் இருந்தால் மட்டும் போதுமா?
— வத்தளை வாசகி

பணம் போதாது, ஆனால் அந்தக் காலத்தில் பணம் எங்கே இருந்தது என்பதைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். பொலன்னறுவை 1215இல் படையெடுத்து வந்த மாகனின் கையில் விழுந்தபிறகு அரசர்கள் தெற்கும் மேற்குமாக நகர்ந்துகொண்டே வந்தார்கள். தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல், கடைசியில் 1341இல் கம்பளை. குளமும் வயலும் வாய்க்காலுமாக இருந்த பழைய வரும்படி காட்டுக்குள் போய்விட்டது. புது வரும்படி கடற்கரையில்: கறுவா, முத்து, மாணிக்கம், யானை. அரசன் மலைக்குள் பாதுகாப்பாக இருக்கிறான், காசு கீழே துறைமுகத்தில் கைமாறுகிறது. நடுவில் இருந்து எண்ணுகிறவன் யார்? அவன்தான் பெரியவன் ஆவான்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இங்கே வந்து பார்த்துவிட்டுச் சொன்னதைக் கேளுங்கள். புத்தளக் கரையில் ஆற்று வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய கறுவா மரங்கள் குன்று குன்றாகக் கிடந்தனவாம். மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருகிறவர்கள் விலை இல்லாமலே அள்ளிக்கொண்டு போனார்களாம், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுத்தால் சரி. கொழும்பைப் பற்றியும் எழுதினார். இந்தத் தீவிலேயே மிக அழகான, பெரிய பட்டினங்களில் ஒன்று என்கிறார். அப்புறம் சொல்வதுதான் சுவை: அங்கே ஜலஸ்தி என்று ஒரு 'கடல் தலைவன்' இருந்தான், அவனிடம் ஏறக்குறைய 500 அபிசீனியர்கள் இருந்தார்கள். இதே கொழும்பில்தான், யோசித்துப் பாருங்கள். கம்பளை அரசனின் கை இங்கே நீளவில்லை. யாரிடம் ஆளும் கப்பலும் இருந்ததோ அவன் வைத்ததே சட்டம்.

அழகக்கோன் வீட்டார் கால் ஊன்றியது இதற்குச் சற்றுத் தெற்கே, களுத்துறைப் பக்கத்து றைகமவில். ஒரு பக்கம் பாணந்துறைக் கடல், மறுபக்கம் களு கங்கை வழியாக உள்நாடு. இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் பாருங்கள். வணிகத்தில் வந்த காசை நிலமாக்கினார்கள், நிலத்தில் இருந்த ஆட்களைப் படையாக்கினார்கள், படை இருந்ததால் அரசவையில் கதிரை கிடைத்தது. மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், அதாவது 1357க்குப் பிறகு, நிஸ்ஸங்க அழகக்கோனார் 'பிரபுராஜ' என்ற பட்டத்தோடு இருக்கிறார். அமைச்சர்தான், ஆனால் பட்டத்துக்குள்ளேயே ராஜா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மிச்ச வேலையைக் கல்யாணம் செய்தது. கம்பளை அரசவையில் பழைய பெரிய வீடு மெஹெனவர வம்சம், மேலே சொன்ன சேனாலங்காதிகார அந்த வம்சத்தார்தான். புதுப்பணக்காரரான அழகக்கோன் வீட்டார் அந்த வம்சத்தோடும் அரச குடும்பத்தோடும் சம்பந்தம் கலந்தார்கள். வெள்ளவத்தையில் இன்றைக்கும் கல்யாணத் தரகர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், காசு ஒரு பக்கம், குலம் ஒரு பக்கம் என்று எப்படிப் பொருத்துகிறார்கள் என்று. அதே கணக்குத்தான். ஆனால் இந்தச் சம்பந்தமே பிற்காலத்தில் அந்த வீட்டுக்கு வினையாக முடிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

கேள்வி: இப்னு பதூதா பார்த்த 'குனார்' ராஜா அழகக்கோனார்தான் என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— தெஹிவளை வாசகர்

அடித்துச் சொல்ல முடியாது. 'குனார்' என்பது 'கோனார்' மாதிரி ஒலிக்கிறது, அதனால் ஆய்வாளர்கள் சிலர் இந்தக் குடும்பத்தின் முன்னோர் ஒருவரோ என்று நினைக்கிறார்கள். அந்த ராஜாவிடம் ஒரு வெள்ளை யானை இருந்தது, விழா நாளில் அதன் தலையில் பெரிய மாணிக்கங்களைப் பூட்டி ஏறிப் போவான், பிறகு பிரபுக்களே அவனுக்கு எதிராகக் கிளம்பிக் கண்ணைக் குருடாக்கிவிட்டு மகனை அரசனாக்கினார்கள் என்று இப்னு பதூதா எழுதுகிறார். அவன் இருந்த நகரம் குருநாகலா, இரத்தினபுரியா, கம்பளையா என்பதே தெரியாமல் ஆளை மட்டும் எப்படிப் பிடிப்பது? யூடியூப்காரருக்கு லைக் வேண்டும், அவர் பிழைப்பு அது.

கேள்வி: யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைத் தோற்கடித்த ஒரு தமிழ் வம்சத்தவரைப் பற்றி ஏன் இவ்வளவு பெருமையாக எழுதுகிறீர்கள்? அவர் துரோகி அல்லவா?
— கொக்குவிலைச் சேர்ந்த, இப்போது வெள்ளவத்தையில் வசிக்கும் வாசகர்

கோபம் விளங்குகிறது ஐயா. ஆனால் யாருக்குத் துரோகம்? ஆரியச்சக்கரவர்த்தியின் சோற்றைத் தின்றிருந்தால்தானே துரோகி? அவர் தின்றது கம்பளை அரசனின் சோறு. நன்றி கெட்டவர் என்று யாராவது சொல்வதென்றால் கம்பளைக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்களுக்கும் அதற்குப் பின்னால் நியாயம் கிடைத்தது.

14ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தத் தீவில் பெரிய கை ஆரியச்சக்கரவர்த்தியின் கைதான். கப்பல் இருந்தது, முத்துக்குளிப்பு இருந்தது, மேல்கரையோரமாக இறங்கிக்கொண்டே வந்தார்கள். கேகாலைப் பக்கம் கோட்டகமவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, ஒரு வெண்பா. சிங்கைநகர் ஆரியனுக்கு, அதாவது யாழ்ப்பாண அரசனுக்கு, பணியாத மன்னர்களின் மனைவியர் கண்ணீர் விட்ட கதையைக் கொஞ்சம் கர்வத்தோடேயே பாடுகிறது. யாழ்ப்பாணத்துக் கவிஞன் ஒருவன் எதிரியின் நிலத்தில் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போக முடிந்தது என்றால் நிலைமை என்னவென்று பாருங்கள். 1359ஆம் ஆண்டு மடவல சாசனத்திலும் கம்பளை அரசன் விக்கிரமபாகுவோடு, யாழ்ப்பாண அரசன் என்று கருதப்படும் மார்த்தாண்டன் பெயர் வருகிறது. அது வரி வாங்கும் ஏற்பாடு பற்றியது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அதாவது மலைநாட்டு ஊர்களிலேயே யாழ்ப்பாணத்துக்கு வரி. கரையிலோ கேட்கவே வேண்டாம்: கொழும்பு, வத்தளை, நீர்கொழும்பு, சிலாபம் நான்கு இடத்திலும் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது அழகக்கோனாரின் இடத்தில் இருந்து பாருங்கள். அவருடைய வாழ்வே துறைமுகக் காசு. அந்தத் துறைமுகத்தில் இன்னொருவனின் ஆள் உட்கார்ந்து வரி எடுக்கிறான். சண்டை வராமல் என்ன செய்யும்? மதத்தையும் இனத்தையும் அதில் ஏற்றியது பின்னால் வந்தவர்கள். அன்றைக்கு அது சுங்கச் சண்டை.

அவர் செய்த விதம்தான் கெட்டிக்காரத்தனம். முதலில் வாயைத் திறக்கவில்லை. களனி கங்கைக்குத் தெற்கே, கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே, தாருகம என்ற கிராமத்துப் பக்கம் ஓர் இடத்தைப் பிடித்தார். மூன்று பக்கமும் சதுப்பும் தியவன்னா ஓயாவும். நிலத்தோடு ஒட்டியிருப்பது தெற்குப் பக்கம் மட்டும்தான், அதுவும் ஒடுக்கமான கழுத்து. அந்தக் கழுத்தைக் குறுக்கே வெட்டி அகழி ஆக்கினார், பாஸ்மார் கபுக்கல் என்று சொல்லுகிற செம்புறைக்கல்லால் மதில் எழுப்பினார், உள்ளே உணவுப் பொருளைக் குவித்தார். வேலை எல்லாம் முடிந்தபிறகுதான் ஆரியச்சக்கரவர்த்தியின் வரி ஆட்களைத் துரத்தினார். தூக்கில் போட்டார் என்றே இராஜாவலிய என்ற பழைய சிங்கள வரலாற்று நூல் சொல்கிறது.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்துப் படை சும்மா இருக்குமா? தரை வழியாக ஒரு படை மாத்தளைக்கு வந்தது, கடல் வழியாகக் கப்பல்கள் பாணந்துறைக்கு வந்தன. கம்பளையில் அப்போது இருந்த ஐந்தாம் புவனேகபாகு என்ன செய்தான் தெரியுமா? படை வருகிறது என்று கேட்டதும் அரண்மனையை விட்டு றைகமவுக்கு ஓடி வந்துவிட்டான். மலைநாட்டுக்காரர்கள் அரசன் இல்லாமலே மாத்தளையில் வந்த படையை விரட்டினார்கள். இங்கே கரையில் அழகக்கோனார் கப்பல் படையை முறித்தார். அரசன் ஓடியிருக்கிறான், அமைச்சன் நின்றிருக்கிறான். ஓடிப்போன அரசனை இனி ஏற்க மாட்டோம் என்று கம்பளை மக்கள் சொல்லிவிட்டார்கள் என்றும் இராஜாவலிய எழுதுகிறது. புவனேகபாகு அதன் பிறகும் பெயருக்கு அரசனாக இருந்தான், ஆனால் அதிகாரம் எந்த வீட்டில் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

கேள்வி: கோட்டேயில் இதெல்லாம் இப்போது பார்க்க முடியுமா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?
— பொரளை வாசகி

போகலாம், ஆனால் சிகிரியா மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிட்டகோட்டேயில் கல் அம்பலமவுக்குக் கிட்ட அகழியும் மதிலின் மிச்சமும் தெரியும், பல இடங்களில் வீட்டு மதிலும் பழைய மதிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எத்துல்கோட்டேயில் அழகேஸ்வர பெயரில் வீதியே இருக்கிறது. பெத்தகானவில் வெஹெரகந்த என்ற இடிபாட்டு மேடு. பிட்டகோட்டேயில் சின்னத் தொல்பொருள் நூதனசாலை ஒன்றும் இருக்கிறது. நேரம் இருந்தால் பெப்பிலியானவில் சுனேத்திராதேவி பிரிவேனாவையும் பார்த்துவிட்டு வாருங்கள், அது அழகக்கோன் வீட்டுக்கு அடுத்து வந்த ஆறாம் பராக்கிரமபாகு தன் தாயின் பெயரில் கட்டியது. வெயிலுக்கு முன் காலையிலேயே போங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

கேள்வி: சீனாக்காரர்கள் வந்து இங்கே இருந்த அரசனைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அப்பா சொல்லுவார். நம்பவே முடியவில்லை. நடந்ததா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

நடந்தது. தூக்கிக்கொண்டு போனது அழகக்கோன் வீட்டு ஆளைத்தான். ஆனால் அதற்கு முன் வீட்டுக்குள் நடந்ததைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

நிஸ்ஸங்க அழகக்கோனார் 1380களில் இறந்துபோனார். அவருக்குப் பின் குமார அழகேஸ்வரர் கொஞ்ச நாள், பிறகு வீர அழகேஸ்வரர். அதே வீட்டில் சம்பந்த வழியில் மெஹெனவர இரத்தமும் கலந்த வீரபாகு என்று இன்னொருவர் இருந்தார். இரண்டு பேருக்கும் அதிகாரம் வேண்டும். 1391இல் றைகமவில் மோதினார்கள். வீர அழகேஸ்வரர் தோற்றுக் கடல் கடந்து இந்தியாவுக்கு ஓடினார். வீரபாகு சில ஆண்டுகள் ஆண்டார், 1396இல் அவரும் தன் பங்குக்கு ஒரு சங்கச் சீர்திருத்தம் நடத்தினார். அவர் போனபிறகு 1397 அளவில் வீர அழகேஸ்வரர் திரும்பி வந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டார். அதாவது சீனக் கப்பல் வரும்போது இந்த வீடு ஏற்கெனவே இரண்டுபட்டு, பாதிப் பேர் மற்றப் பாதியை நம்பாத நிலைமை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், இங்கே கூத்தாடி மிங் பேரரசின் கடற்படைத் தளபதி ஜெங் ஹே.

ஜெங் ஹே முதல் பயணத்தில், 1405க்கும் 1407க்கும் இடையில், இங்கே வந்தபோதே மரியாதை கிடைக்கவில்லை. அந்த அரசன் தனக்குக் கெடுதல் செய்யப் பார்க்கிறான் என்று தெரிந்து ஒதுங்கிப் போனார் என்று சீனக் குறிப்பு சொல்கிறது. பக்கத்து நாட்டுத் தூதர்களைக் கடலில் மறித்துக் கொள்ளையடிக்கிறான் என்றும் குற்றச்சாட்டு. கரையில் வரி எடுத்தே வளர்ந்த வீடு, போகிற கப்பலைச் சும்மா விடுமா? எனக்கு அந்தக் குற்றச்சாட்டு அவ்வளவு பொய்யாகத் தெரியவில்லை.

மூன்றாவது பயணத்தில் 48 பெரிய கப்பல்களும் 27,000க்கு மேற்பட்ட ஆட்களும். இந்தப் பயணத்தில் கொண்டுவந்த கல்லைத்தான் நீங்கள் கறுவாத்தோட்டத்தில் தேசிய நூதனசாலையில் பார்க்கலாம், காலி மும்மொழிக் கல்வெட்டு. கல்லில் வெட்டியிருக்கும் ஆண்டு 1409. பலர் 1911 என்று தப்பாகச் சொல்கிறார்கள், அது காலியில் மதகு ஒன்றை மூடிய கல்லாக இது கண்டெடுக்கப்பட்ட ஆண்டு. ஏறக்குறைய நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்து அங்குலத் தடிப்பு. மேலே இரண்டு டிராகன்கள். முன்னால் நின்றால் வலது பக்கம் முழுக்கச் சீனம், இடது பக்கத்தில் மேலே தமிழ், கீழே பாரசீகம், பாரசீகம்தான் ரொம்பத் தேய்ந்துபோயிருக்கிறது. சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, தமிழில் தெவிநுவரவில் இருந்த தேனவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு. மூன்றிலும் காணிக்கைப் பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, தூபக்கால், வாசனை எண்ணெய் என்று நீள்கிறது. யாருக்கும் குறை வைக்காத கணக்கு. இதில் நமக்கு முக்கியம், காணிக்கை முழுவதும் தெய்வங்களுக்குப் போகிறது, நாட்டைக் கையில் வைத்திருந்த வீர அழகேஸ்வரருக்கு ஒன்றுமில்லை. சீனாவிலேயே செதுக்கிக் கொண்டுவந்த கல் அது. யாரோடு பேசுவது, யாரோடு பேசாமல் விடுவது என்று கப்பல் ஏறுமுன்னமே முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு நடந்ததை மிங் அரசவைக் குறிப்புகள் சொல்கிற விதம் இது. அழகேஸ்வரர் ஜெங் ஹேயை உள்நாட்டுக்கு வரும்படி இழுத்தார், மகனை அனுப்பிப் பொன்னும் வெள்ளியும் கேட்டார், கொடுக்காததால் 50,000 பேரை அனுப்பிக் கப்பல்களைக் கொள்ளையடிக்கப் பார்த்தார், மரங்களை வெட்டிப் போட்டு வழியை அடைத்தார். ஜெங் ஹே யோசித்தார்: படை முழுக்க வெளியே வந்திருந்தால் நகரம் வெறுமையாகத்தானே இருக்கும்? 2,000 பேரோடு வேறு வழியாகப் போய் நகரத்தைத் தாக்கி, அரசனையும் மனைவி பிள்ளைகளையும் தலைவர்களையும் பிடித்தார். வெளியே போயிருந்த படை திரும்பி வந்து சூழ்ந்தும் பலிக்கவில்லை. அரசனோடு கப்பலுக்குத் திரும்பிவிட்டார். 50,000 என்பது ஜெயித்தவன் சொல்கிற கணக்கு, அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். நமது இராஜாவலியவில் கதை வேறு: பரிசு கொண்டுவருகிறேன் என்று வந்த சீனத்தான் வஞ்சகமாக அரசனைப் பிடித்துக்கொண்டு போனான் என்று. அதில் அரசனின் பெயர் விஜயபாகு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், யார் யாரை முதலில் ஏமாற்றியது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்தப் பெரிய பெரிய சதுப்பு, அகழி, கபுக்கல் மதில் எல்லாம் வடக்கிலிருந்து வரும் படையை நினைத்துக் கட்டியவை. உள்ளே ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவனுக்கு மதில் என்ன செய்யும்?

கேள்வி: பிடித்துப் போனவரைச் சீனச் சக்கரவர்த்தி மன்னித்து அனுப்பிவிட்டார் என்று படித்தேன். திரும்பி வந்தும் ஏன் அந்த வம்சம் எழும்பவில்லை?
— கொள்ளுப்பிட்டி வாசகி

நல்ல கேள்வி, இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 1411 ஜூலை மாதம் கைதிகள் சக்கரவர்த்தியின் முன் நிறுத்தப்பட்டார்கள். தலையை வெட்டுங்கள் என்றார்கள் மந்திரிகள். யொங்லெ சக்கரவர்த்தி, பாவம் அறியாமல் செய்துவிட்டார்கள் என்று உடுப்பும் சாப்பாடும் கொடுத்து விடச் சொன்னார். ஆனால் கூடவே இன்னொரு கட்டளை: இவனுடைய வம்சத்தில் நல்லவன் ஒருவனைப் பார்த்து அரசனாக்குங்கள். அதில்தான் கத்தி இருக்கிறது. தலையை விட்டுவிட்டுக் கதிரையை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தது ஆறாம் பராக்கிரமபாகு. அவன் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, பழைய தம்பதெனிய அரச வம்சத்தில் வந்தவன் என்று சொல்லிக்கொண்டவன். முதலில் றைகமவில், 1415 அளவில் கோட்டேயில். சின்ன வயதில் அழகேஸ்வரருக்குப் பயந்து வீதாகம தேரர் அவனை விகாரையில் ஒளித்து வளர்த்தார், பெரியவனானதும் அவனே அழகேஸ்வரரை முடித்தான் என்று சிங்கள மரபில் ஒரு கதை உண்டு. அப்படியே நம்பவேண்டியதில்லை, ஆனால் அந்தக் கதையில் அழகேஸ்வரர் வில்லன் ஆகிவிட்டார் என்பதைக் கவனியுங்கள். நாற்பது வருடத்துக்கு முன் நாட்டைக் காப்பாற்றிய வீடு அது.

என் அபிப்பிராயம் இது. அந்த வீடு வளர்ந்தது அரசனுக்குப் பின்னால் நின்றதால். பின்னால் நிற்கும்வரை எல்லோருக்கும் அவர்கள் தேவை: அரசனுக்குப் படை வேண்டும், பிக்குகளுக்குத் தானம் வேண்டும், வணிகனுக்குத் துறைமுகத்தில் பாதுகாப்பு வேண்டும். தவறு வந்தால் அரசன் தலையில் விழும். நிஸ்ஸங்க அழகக்கோனார் இதை நன்றாகத் தெரிந்தவர், அரசன் ஓடிப்போன அன்றைக்குக்கூட முடியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. வீர அழகேஸ்வரர் முன்னால் வந்தார். முன்னால் வந்ததும் 'நீ எந்த ராஜ வம்சம்?' என்ற கேள்வி வந்துவிட்டது, அதற்குப் பணத்தால் பதில் சொல்ல முடியாது. சம்பந்தம் செய்து கொண்டுவந்த அரச இரத்தம் வீரபாகு பக்கம் போய் நின்றது, இந்தப் பக்கம் இல்லை. ஆகவே அவர் பிடிபட்டபோது மீட்கவேண்டும் என்று கிளம்ப ஆளில்லை, திரும்பி வந்தபோது இடம் விட்டுக்கொடுக்கவும் ஆளில்லை. சீனாக்காரன் வராவிட்டால் இன்னும் பத்து இருபது வருடம் இழுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அந்த வம்சத்தில் இன்று யாராவது இருக்கிறார்களா? சீனாவில் இலங்கை இளவரசரின் வாரிசுகள் இருப்பதாகச் செய்தி பார்த்தேன்.
— இராஜகிரிய வாசகர்

அந்தச் செய்தி சீனாவின் சுவான்சோவ் நகரத்தைப் பற்றியது. அங்கே 'ஷி' என்ற குடும்பப் பெயரோடு ஒரு வம்சம், பழைய கல்லறைகள், தங்கள் முன்னோர் சிலோன் இளவரசர் என்ற பரம்பரைப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவர்கள் சொல்லுகிற இளவரசர் 1459இல் தூது போனவர், அதாவது ஆறாம் பராக்கிரமபாகு காலம். அழகக்கோன் வீட்டார் இல்லை. அந்த வீட்டை இறக்கிவிட்டு வந்தவரின் பக்கம்! 1411க்குப் பிறகு அழகக்கோன் பெயரில் அதிகாரத்தில் இருந்த யாரையும் காணவில்லை. ஆள் அடியோடு செத்துப்போனார்கள் என்று இதற்குப் பொருளில்லை, வேறு பெயரில் வேறு குடும்பங்களுக்குள் கரைந்திருப்பார்கள். எங்கள் பரம்பரை அதுதான் என்று எழுதிய மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஓலையோ உறுதியோ இருந்தால் பல்கலைக்கழகத்தில் காட்டுங்கள், எனக்குப் போட்டோ அனுப்பி என்ன பயன்?

கேள்வி: செண்பகப்பெருமாளும் அழகக்கோன் வம்சமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

இல்லை. செண்பகப்பெருமாள், சிங்களத்தில் சப்புமல் குமாரய, ஆறாம் பராக்கிரமபாகுவின் வளர்ப்பு மகன். தந்தை இந்தியாவிலிருந்து வந்த ஒரு தலைவர் என்று போர்த்துக்கேயர் எழுதியிருக்கிறார்கள். 1450இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது இவன்தான், அதாவது அழகக்கோனார் தடுத்து நிறுத்தியதோடு விட்ட வேலையை எழுபது வருடம் கழித்து இவன் வடக்கே போய் முடித்தான். வளர்ப்புத் தந்தை இறந்ததும் தெற்கே வந்து, கோட்டேயில் முடி சூடியிருந்த பேரனைக் கொன்றுவிட்டு ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் அரசனானான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் இன்றைக்கும் புவனேகபாகுவின் பெயரைச் சொல்கிறார்கள், அது இவனைத்தான் குறிக்கிறது என்பது பலரின் கருத்து. கொக்குவில் ஐயா இதையும் படித்துவிட்டுக் கோபப்பட்டு எழுதுவார், அடுத்த இதழில் அதற்கும் இடம் உண்டு.